எண்ணுக்கு யார் சாட்சி?
வீடியோ விளையாட்டுகளின் சாதனைப் பலகை வளர்ந்த கதை

கல்லூரியில் இயற்பியல் பயின்றவர்களுக்குத் தனி ஊசல் சோதனை நன்கு நினைவிருக்கும். நூலில் ஓர் உலோகக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் காணும் சோதனை அது. சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் தம் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். இருபது அலைவுகளுக்கு 36.47 வினாடி என்று அதில் எழுதியிருந்தது. அவர் பயன்படுத்திய கடிகாரத்தின் மீச்சிற்றளவோ 0.1 வினாடி.

"இந்தக் கடைசி 7 எங்கிருந்து வந்தது, தம்பி?" என்று கேட்டேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்பது இருவருக்குமே விளங்கிவிட்டது. ஒரு கருவி தரவே முடியாத எண்ணை ஒருவர் எழுதினால், அந்த எண் கருவியிலிருந்து வரவில்லை என்பது உறுதி. அதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. கருவியே சாட்சி சொல்லிவிடும்.

இதே கேள்வி, ஆய்வுக்கூடத்துக்கு வெகு தொலைவில், வீடியோ விளையாட்டு ஆடுவோர் நடுவே எழுந்தது. ஏறத்தாழ 35 ஆண்டுகள் பலரும் நம்பிவந்த ஓர் எண்ணை அது 2018-ஆம் ஆண்டில் சாய்த்தது. பொழுதுபோக்கு ஆட்டத்துக்கும் அளவியலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

எண்ணே இல்லாத ஆட்டம்

வீடியோ விளையாட்டின் தொடக்கங்களுள் ஒன்று ஓர் இயற்பியலாரின் கைவண்ணம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் உள்ளது. ஆண்டுதோறும் சில நாட்களில் பொதுமக்கள் அங்கு சென்று பார்வையிடுவதுண்டு. கருவிகளும் படங்களும் அசையாமல் வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து மக்கள் சலிப்படைவதை, கருவியியல் பிரிவின் தலைவராக இருந்த வில்லியம் ஹிகின்பாதம் கண்டார். மக்கள் தம் கையாலேயே இயக்கிப் பார்க்கும் ஒன்றை வைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

அவரிடம் ஒரு சிறிய ஒப்புமைக் கணிப்பொறி இருந்தது. எறிபொருள் ஒன்று செல்லும் பாதையையும், பந்து ஒன்று துள்ளும் விதத்தையும் அதனைக் கொண்டு கணக்கிடலாம். பதினோராம் வகுப்பில் நீங்கள் படிக்கும் அதே பரவளையப் பாதைதான். ஹிகின்பாதம் அந்தக் கணிப்பொறியை 5 அங்குலத் திரை கொண்ட ஓர் ஆசிலாஸ்கோப்புடன் இணைத்தார். திரையில் ஒரு கிடைக்கோடு தரையைக் குறித்தது. நடுவில் நின்ற சிறு செங்குத்துக் கோடு வலையைக் குறித்தது. ஒளிப்புள்ளி ஒன்று பந்தாயிற்று. இருவர் ஆளுக்கொரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, குமிழைத் திருகிக் கோணத்தை மாற்றி, பொத்தானை அழுத்திப் பந்தை அடித்தனர். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் இது காட்சிக்கு வந்தது. நூற்றுக்கணக்கானோர் இந்த 'இருவர் டென்னிஸ்' ஆட வரிசையில் நின்றார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒன்று மட்டும் இல்லை, அது எண்ணிக்கை. யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்று கருவி சொல்லவில்லை. பக்கத்தில் நிற்பவர்தான் சாட்சி. ஆட்டம் முடிந்தால் எல்லாம் முடிந்தது. எவருடைய வெற்றியும் எங்கும் பதிவாகவில்லை.

எண்ணும் வந்தது, பெயரும் வந்தது

1972-ஆம் ஆண்டில் ரால்ஃப் பேயரின் கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்ட மேக்னவாக்ஸ் ஒடிஸி, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஆடும் கருவியாக விற்பனைக்கு வந்தது. அதுவும் புள்ளிகளைக் கணக்கிடாது. ஆடுபவர்களே எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். அதே ஆண்டின் இறுதியில் அடாரி நிறுவனத்தின் 'பாங்' வந்தது. காசு போட்டால் ஆடலாம். அதன் திரையின் உச்சியில் இரண்டு எண்கள் தோன்றின. ஆட்டத்தைக் கணக்கிடும் வேலையை மனிதனிடமிருந்து பொறி எடுத்துக்கொண்டது.

1978-ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இன்னும் ஒரு படி முன்னேறியது. அதுவரை ஆடியவர்களுள் மிக உயர்ந்த எண்ணை அது திரையிலேயே காட்டிக்கொண்டிருந்தது. காலையில் எவரோ ஒருவர் எடுத்த எண்ணை மாலையில் வரும் இன்னொருவர் முறியடிக்க முயன்றார். ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள் ஒரே பொறியின் முன் போட்டியாளர்கள் ஆனார்கள். 1979-இல் வந்த 'ஸ்டார் ஃபயர்', 'ஆஸ்டராய்ட்ஸ்' ஆகியவை எண்ணுக்குப் பக்கத்தில் ஆடியவர் தம் பெயரின் முதல் எழுத்துகளைப் பதிக்க இடம் தந்தன. 'ஆஸ்டராய்ட்ஸ்' இந்த மூன்றெழுத்துப் பழக்கத்தை எங்கும் பரப்பியது.

ஆனால் இந்தப் பெருமை அந்தக் கடையின் வாசலைத் தாண்டாது. மின்சாரத்தை நிறுத்தினால் பல பொறிகளில் எண்ணும் பெயரும் அழிந்துவிடும். அடுத்த ஊரில் ஒருவர் இதைவிட இருமடங்கு எடுத்திருந்தாலும் தெரிய வழியில்லை. அதற்குச் செய்தி வேண்டும்.

செய்தியும் கூட்டமும்

அந்தச் செய்தி 1981-ஆம் ஆண்டளவில் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, பத்திரிகை. ஆர்னி கேட்ஸ், பில் குங்கெல், ஜாய்ஸ் வோர்லி ஆகிய மூவரும் அமெரிக்காவில் 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்' என்ற இதழைத் தொடங்கினர். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனில் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' வெளிவந்தது. புதிய ஆட்டங்களைப் பற்றிய செய்தி, மதிப்புரை, ஆடும் உத்தி, வாசகர் கடிதம் என்று இன்று நாம் காணும் பகுதிகளெல்லாம் இத்தகைய இதழ்களில் உருப்பெற்றன. தனித்தனியே ஆடிக்கொண்டிருந்தவர்கள், தம்மைப் போல ஆயிரக்கணக்கானோர் இருப்பதை அச்சில் கண்டார்கள்.

மற்றொரு வழி ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோள வயல்கள் சூழ்ந்த அயோவா மாநிலத்தில் ஒட்டம்வா என்ற ஊர் இருக்கிறது. அன்று அதன் மக்கள் தொகை சுமார் 27,000. 1981-ஆம் ஆண்டு கோடையில் வால்டர் டே என்பவர் பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்கூடங்களுக்குச் சென்று, ஒவ்வொரு பொறியிலும் காணப்பட்ட உச்ச எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் ஒட்டம்வாவில் தாமே ஓர் ஆட்டக்கூடத்தைத் திறந்து, அதற்கு 'ட்வின் கேலக்ஸீஸ்', அதாவது இரட்டை விண்மீன் மண்டலங்கள் என்று பெயரிட்டார். 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், தாம் சேர்த்த எண்களைத் தேசியச் சாதனைப் பலகையாக வெளியிட்டார்.

நாட்டின் எந்த மூலையில் உயர்ந்த எண் எடுக்கப்பட்டாலும் ஒட்டம்வாவுக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது. ஆட்டப் பத்திரிகைகள் அங்கிருந்து எண்களை வாங்கி அச்சிட்டன. 1982 நவம்பரில் 'லைஃப்' இதழ் சிறந்த ஆட்டக்காரர்களை ஒட்டம்வாவின் கடைத்தெருவில் பொறிகளோடு நிறுத்திப் படம் எடுத்தது. தம் ஊரை 'உலகின் வீடியோ விளையாட்டுத் தலைநகரம்' என்று நகரத் தலைவர் அறிவித்தார். பெயர் தெரியாத கடைகளில் காசைப் போட்டு ஆடிக்கொண்டிருந்த சிறுவர்களுக்கு ஒரு தலைநகரமே கிடைத்துவிட்டது.

இங்குதான் நம் கேள்வி பிறக்கிறது. தொலைபேசியில் வந்த எண்ணுக்கு யார் சாட்சி? கடைக்காரரின் சொல், உடன் நின்று பார்த்தவர்களின் சொல், இவையே அன்று இருந்த சான்றுகள்.

413 முறை சுழன்ற எண்

சாட்சியின் அருமையை விளக்க ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். 1982 நவம்பர் 13-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் நியூடவுன் என்ற ஊரில், ஸ்காட் சஃப்ரன் என்ற 15 வயதுச் சிறுவன் 'ஆஸ்டராய்ட்ஸ்' ஆட்டத்தில் 4,13,36,440 புள்ளிகள் எடுத்தான். ஒரே காசில் தொடங்கி, இரவு பகலாக இரண்டு நாட்களுக்கு மேல் ஆடிய ஆட்டம் அது. அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு 10,000 புள்ளிக்கும் ஒரு விண்கலம் கூடுதலாகக் கிடைக்கும். போதிய விண்கலங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால், பொறியைச் சிறிது நேரம் தனியே விட்டுவிட்டுச் சாப்பிட்டு வரலாம். அதற்குள் சில விண்கலங்கள் அழியும், அவ்வளவே.

இப்போது அந்தப் பொறியின் திரையைக் கவனியுங்கள். அதில் புள்ளிகளைக் காட்ட ஐந்து இலக்கங்களுக்கே இடம் உண்டு. 99,990-ஐத் தாண்டியதும் எண் மீண்டும் பூச்சியத்துக்குப் போய்விடும். பழைய ஸ்கூட்டரில் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்சக்கரங்கள் ஒரு சுற்று முடிந்ததும் பூச்சியத்துக்குத் திரும்புவது போலத்தான். ஆகவே சஃப்ரன் ஆடி முடித்தபோது திரையில் தெரிந்திருக்கக்கூடிய எண் வெறும் 36,440. எஞ்சியதை, அதாவது எண் 413 முறை முழுச் சுற்றுச் சுற்றியதை, பக்கத்தில் இருந்த மனிதர்களே எண்ணியிருக்க வேண்டும். நாலு கோடியைத் தாண்டிய எண்ணில் நாற்பதாயிரத்துக்கும் குறைவானதற்குத்தான் பொறி சாட்சி. மற்றதற்கெல்லாம் மனிதன் சாட்சி.

பொறிகளின் எண் வரம்புக்கு 'பேக் மேன்' ஆட்டமும் நல்ல சான்று. எத்தனையாவது கட்டத்தில் ஆடுகிறோம் என்பதை அது எட்டு பிட் இடத்தில் சேமிக்கிறது. எட்டு பிட்டுகளில் 0 முதல் 255 வரை 256 எண்களே அடங்கும். எனவே 255 கட்டங்களை ஒருவர் கடந்தால், 256-ஆம் கட்டத்தில் கணக்குத் தடுமாறி, திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகிவிடும். அதற்கு மேல் போக முடியாது. இதனால் அந்த ஆட்டத்தில் எடுக்கக்கூடிய உச்ச எண் 33,33,360 என்று கணக்கிட முடிந்தது. ஓர் ஆட்டத்துக்குள்ளேயே அதன் எல்லை எழுதப்பட்டிருக்கிறது என்ற கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விரைவில் தேவைப்படும்.

சஃப்ரனின் எண் பல ஆண்டுகள் நிலைத்தது. அவரைத் தேடிப் பாராட்ட வேண்டும் என்று வால்டர் டே நெடுங்காலம் முயன்றார். கடைசியில் 2002-ஆம் ஆண்டில்தான், அவர் 1989-இலேயே, கூரைமேல் ஏறிவிட்ட தம் பூனையைக் காப்பாற்றப் போய் விழுந்து இறந்துவிட்டார் என்ற செய்தி கிடைத்தது. 2010 ஏப்ரலில் ஜான் மெக்காலிஸ்டர் என்பவர் ஏறத்தாழ 58 மணி நேரம் ஆடி 4,13,38,740 புள்ளிகள் எடுத்து, அந்த எண்ணை வெறும் 2,300 புள்ளிகளால் கடந்தார். அவர் ஆடியதை இணையத்தின் வழியே பலர் அப்போதே பார்த்துக்கொண்டிருந்தனர். 1982-இல் கடைக்குள் நின்ற சிலரே சாட்சிகள். 2010-இல் பார்க்க விரும்பிய எவரும் சாட்சி.

தபாலில் வந்த சாட்சி

ஆட்டக்கூடங்களை விட்டு வீட்டுக்கு வருவோம். 1980-ஆம் ஆண்டில் ஆக்டிவிஷன் நிறுவனம், டேவிட் கிரேன் எழுதிய 'டிராக்ஸ்டர்' என்ற ஆட்டத்தை அடாரி வீட்டுக் கருவிக்காக வெளியிட்டது. நேர்கோட்டில் ஓடும் கார்ப் பந்தயம் அது. கியரை மாற்றியும், பொத்தானை அழுத்தி முடுக்கியும் காரை எல்லைக்கோட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் என்ஜின் வெடித்துவிடும். ஒரு பந்தயம் முழுவதும் சுமார் ஆறு வினாடி. எவ்வளவு குறைந்த நேரத்தில் முடிக்கிறோம் என்பதே சாதனை.

ஆறு வினாடிக்குள் முடிப்பவர்கள் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்துத் தபாலில் அனுப்பலாம். நிறுவனம் அவர்களுக்குச் சட்டையில் தைத்துக்கொள்ளும் துணிச் சின்னம் ஒன்றை அனுப்பிவைக்கும். அன்றைய சிறுவர்களுக்கு இது பெரிய பெருமை. நெடுந்தொலைவில் இருந்தவர்களைத் தபால்காரர் ஒரே சங்கமாக்கினார் என்று சொல்லலாம்.

1982-ஆம் ஆண்டில் டாட் ராஜர்ஸ் என்ற இளைஞர் 5.51 வினாடியில் முடித்ததாக நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பின்னாளில் ட்வின் கேலக்ஸீஸ் பலகையிலும் கின்னஸ் சாதனை நூலிலும் அந்த எண் இடம்பெற்றது. வீடியோ விளையாட்டில் மிக நீண்ட காலம் முறியடிக்கப்படாத சாதனை என்று அது பேசப்பட்டது.

இதற்கிடையே காலம் மாறியது. 1983-ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவில் வீட்டு வீடியோ விளையாட்டுத் தொழில் சரிந்தது. 1983-இல் ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்த விற்பனை, 1985-இல் ஏறத்தாழ 10 கோடி டாலராக வீழ்ந்தது என்பர். ஆட்டப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒட்டம்வாவின் ஆட்டக்கூடம் 1984 மார்ச்சில் மூடப்பட்டது. ஆயினும் வால்டர் டே பலகையை விட்டுவிடவில்லை. நடுவர்களை அமர்த்தினார், ஆடியதை வீடியோ நாடாவில் பதிந்து அனுப்பும்படி கேட்டார், 1998-இல் எல்லா எண்களையும் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார். 2010-இல் அவர் ஓய்வு பெற்றார். பலகை பிறர் கைக்குச் சென்றது. சாட்சியின் தரம் உயர்ந்துகொண்டே வந்தது. ஆனால் பழைய எண்கள் பழைய சாட்சியின் வலிமையிலேயே நின்றன.

பொறியைத் திறந்து பார்த்தார்கள்

டிராக்ஸ்டர் ஆட்டத்தில் 5.57 வினாடி வரை பிறர் எட்டினார்கள். 5.51 மட்டும் எவருக்கும் கிட்டவில்லை. திறமை போதவில்லை என்றே பலரும் எண்ணினர். 2017-ஆம் ஆண்டில் எரிக் கோசியல் என்ற ஆட்ட ஆய்வாளர் கேள்வியை மாற்றிக் கேட்டார். "5.51-ஐ எப்படி எடுப்பது?" என்பதற்குப் பதிலாக, "5.51-ஐ இந்த ஆட்டம் தருமா?" என்று கேட்டார்.

டிராக்ஸ்டர் ஆட்டம் முழுவதும் இரண்டு கிலோபைட் அளவே உள்ள நிரல். ஒரு மனிதர் வரிக்கு வரி படித்து முடிக்கக்கூடிய அளவு. அதைப் பிரித்துப் படித்தபோது, ஆட்டத்துக்கென்று ஒரு சிறிய இயற்பியல் இருப்பது தெரிந்தது. எந்தக் கியரில், என்ஜின் எந்த வேகத்தில் சுழன்றால், கார் எவ்வளவு முன்னேறும் என்பதற்குத் திட்டமான விதிகள் உண்டு. நம் உலகத்தில் நியூட்டனின் விதிகள் எப்படியோ, அந்தச் சிறு உலகத்தில் இந்த விதிகள் அப்படி.

அந்த ஆட்டத்தின் கடிகாரத்துக்கும் மீச்சிற்றளவு உண்டு. திரை வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை வரையப்படுகிறது. இரண்டு முறைக்கு ஒருமுறைதான் ஆட்டத்தின் நேரம் நகர்கிறது. எனவே ஒவ்வொரு படியிலும் நேரம் 0.03 அல்லது 0.04 வினாடி கூடும். 5.51, 5.54, 5.57, 5.61 என்றே எண்கள் வரும், 5.52 என்றோ 5.55 என்றோ வருவதற்கில்லை. என் மாணவர் எழுதிய 36.47 போன்றதாக 5.51 இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். ஆனால் அது கடிகாரம் காட்டக்கூடிய எண்தான். ஆகவே, அந்த நேரத்துக்குள் கார் எல்லைக்கோட்டை அடைய முடியுமா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது.

கோசியல் விதிகளையெல்லாம் கணக்காக அமைத்து, எந்தக் கணத்தில் கியரை மாற்றினால், எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் மிகக் குறைந்த நேரம் ஆகும் என்று தேடினார். எல்லாம் பிழையின்றி நடந்தாலும் கிடைத்த மிகக் குறைந்த நேரம் 5.57 வினாடி. 5.51 என்பது அதற்கு இரண்டு படிகள் கீழே இருந்தது. கேட்பதற்கு மிகச் சிறிய வேறுபாடு. ஆனால் கைத்திறமையால் தாண்டக்கூடிய வேறுபாடு அன்று அது. ஆட்டத்தின் விதிகளே போட்ட வேலி.

2018 ஜனவரி 29-ஆம் நாள் ட்வின் கேலக்ஸீஸ், ராஜர்ஸின் எண்களைப் பலகையிலிருந்து நீக்கியது. கின்னஸ் நிறுவனமும் நீக்கியது. தாம் எடுத்த எண் உண்மையானதே என்று ராஜர்ஸ் கூறினார். 1982-இல் என்ன நடந்தது என்பதைக் கணக்கு சொல்லாது. அது கணக்கின் வேலையும் அன்று. இந்த ஆட்டத்தில் இந்த எண் பிறக்குமா என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே அது விடை தந்தது.

எல்லா வழக்கும் இப்படித் தெளிவாக முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'டாங்க்கி காங்' ஆட்டத்தின் சில பழைய சாதனைகளைப் பற்றிய சர்ச்சை நீதிமன்றம் வரை சென்று, பல ஆண்டுகளுக்குப் பின் 2024-இல் சமரசத்தில் முடிந்தது. அங்கே எண் இயலாத எண் அன்று. அது எந்தப் பொறியில் எடுக்கப்பட்டது என்பதே வழக்கு. அத்தகைய கேள்விக்கு நிரலைப் படித்தால் மட்டும் போதாது.

யாருக்கு என்ன இழப்பு?

"ஒரு விளையாட்டு எண் பொய்யானால் யாருக்கு என்ன நட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். 5.57 எடுத்தவரை எண்ணிப் பாருங்கள். அந்த ஆட்டத்தில் எடுக்கக்கூடிய மிகச் சிறந்த நேரத்தை அவர் எடுத்துவிட்டார். அதைவிடச் சிறப்பாக ஆட எவராலும் முடியாது. ஆனால் பலகையில் அவர் இரண்டாம் இடத்தில் இருந்தார். 'இன்னும் 0.06 வினாடி குறைக்க வேண்டும்' என்று இல்லாத இலக்கை நோக்கி ஆடிக்கொண்டிருந்தார். தவறான எண் ஒன்று ஏட்டில் ஏறிவிட்டால், அதை எழுதியவருக்கு மட்டுமன்றி, அதை நம்பி உழைக்கும் பின்னவர்களுக்கும் அது தண்டனையாகிவிடுகிறது.

அறிவியலிலும் நிலை இதுவே. ஒருவர் வெளியிடும் அளவீட்டை நம்பி இன்னொருவர் தம் சோதனையை அமைக்கிறார். முதல் எண் பிழையானால், இரண்டாமவர் தம் கருவியைத்தான் சந்தேகிப்பார். பிறகு தம்மையே சந்தேகிப்பார். ஆகவேதான் எண்ணோடு கருவியின் பெயரையும், மீச்சிற்றளவையும், சோதனை முறையையும் சேர்த்து எழுதச் சொல்கிறோம். பிறர் அதே வழியில் சென்று அதே எண்ணைக் காண இயல வேண்டும். அவ்வாறு இயலாத எண்ணுக்கு, அதைச் சொன்னவர் எவ்வளவு பெரியவராயினும், எத்தனை ஆண்டு நம்பப்பட்டதாயினும், நிலைக்கும் உரிமை இல்லை.

இதைப் பேராசிரியர்கள் கூடிச் செய்யவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மகிழ்விக்கிறது. பத்திரிகைகளைப் படித்து, எண்களைத் தபாலிலும் தொலைபேசியிலும் பரிமாறிக்கொண்டு வளர்ந்த ஆட்டக்காரர்களின் கூட்டமே, தன் ஏட்டில் இருந்த பிழையைத் தானே தேடித் திருத்திக்கொண்டது. கடைக்காரரின் சொல்லில் தொடங்கி, புகைப்படம், வீடியோ நாடா, நேரடி ஒளிபரப்பு என்று வளர்ந்து, கடைசியில் நிரலையே படித்துப் பார்க்கும் அளவுக்கு அது சென்றது. சான்றுக்கு மேல் சான்று கேட்கும் இந்தப் பழக்கம்தான் அறிவியல் மனப்பான்மை. அது ஆய்வுக்கூடத்திலும் வளரலாம், ஆட்டக்கூடத்திலும் வளரலாம்.

நீங்களும் ஒன்று செய்யலாம். நாளை செய்தித்தாளிலோ கைபேசியிலோ வியப்பூட்டும் எண் ஒன்றைக் காணும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தக் கருவி இதை அளந்தது? அந்தக் கருவியால் இவ்வளவு நுட்பமாக அளக்க முடியுமா? உடன் இருந்து பார்த்தவர் யார்? நான் மீண்டும் செய்து பார்க்க வழி இருக்கிறதா?

தொடக்கத்தில் சொன்ன மாணவரைப் பற்றி ஒரு வார்த்தை. மறுவாரம் அவர் ஊசலை மீண்டும் கட்டினார். இம்முறை பதிவேட்டில் மூன்று அளவீடுகள் இருந்தன: 36.4, 36.6, 36.5. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே என்று அவருக்குக் கவலை. "வெவ்வேறாக வந்ததை வந்தபடியே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் வேண்டும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.